குரங்குக்காகக் காத்திருந்த காலைகள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் குரங்கு ஒன்று என் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. மூன்று நாள் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட!

'ஏன்?' என்றுதானே கேட்கிறீர்கள்? பயம்தான். குரங்கை நினைத்து இல்லை. ஊசியை நினைத்து. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி... நினைத்தாலே வயிறு உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது.

தில்லி கிட்வாய் நகரில் எங்களுக்குக் கீழ்த்தளத்து குவார்ட்டர்ஸ். பின்னால் நாலு கயிற்றுக் கட்டில் போடுமளவு கொல்லை. அதில் ஒரு கொய்யா மரம். குளிர் தொடங்கியதும், பழைய அலுமினியத் தட்டு ஒன்றில் மூன்று துளை போட்டுக் கம்பி கோத்து, அந்த மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றி முன்பே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கம்பும் நொய்யரிசியும் போட்டால் சிட்டுக்குருவிகள் வந்தன. பிறகு மைனா, புறா, கொண்டைக்குருவி. கொட்டியதைப் பொறுக்க அணில். 'இப்போது புதிதாக என்ன வருகிறது?' என்று விசாரித்துச் சில வாசகர்கள் கடிதம்கூடப் போட்டிருந்தார்கள்.

வந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

தப்பு என்னுடையதுதான். கிளிகளை வரவழைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கிலோ வேர்க்கடலை வாங்கிவந்து தட்டில் போட ஆரம்பித்தேன். கிளிகள் வந்தன. ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலால் கடலையைப் பிடித்து, தோலை உரித்துத் துப்பிவிட்டுத் தின்கிற அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கடலை கிளிக்கு மட்டுமா பிடிக்கும்?

அன்று காலை எட்டு மணிக்கும் பனி விலகவில்லை. கொல்லைச் சுவரே தெரியாத மூடுபனி. நான் மங்கி கேப், மஃப்ளர் சகிதம் ஒரு கைப்பிடி கடலையோடு மரத்தடிக்குப் போனேன். பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தட்டுக்கு மேலே கிளையில் ஏதோ பழுப்பாக... யாராவது கோணிச்சாக்கை மாட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

சாக்கு திரும்பிப் பார்த்தது.

நல்ல தடித்த ஆண் குரங்கு. வால் பாதிதான் இருந்தது. அதற்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் செய்யக்கூடாததைச் செய்தேன் — "ஹட்!" என்று கத்திக் கையை ஓங்கினேன். கடலை இருந்த கை. அது பாய்ந்ததும் தெரியவில்லை, கடித்ததும் தெரியவில்லை. கடலை தரையில் கொட்டிக் கிடந்தது. விரலில் இரண்டு பொட்டு ரத்தம். அப்புறம்தான் வலித்தது.

குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கழுவினேன். அதுவரைக்கும் புத்தி இருந்தது.

"விரல்ல என்னங்க?" என்றாள் சாரதா, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

"தட்டுக் கம்பி கிழிச்சிட்டு."

"எத்தன தடவ சொல்லுதேன், அந்தத் தட்டக் கழத்திப் போடுங்கன்னு..." என்று பஞ்சை வைத்துக் கட்டிவிட்டாள். பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

நாய்க்குத்தானே வெறி பிடிக்கும், குரங்குக்கு ஏது என்று ஆபீஸ் போகும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அந்தத் தைரியம் தீர்ந்துவிட்டது. தண்ணீரைக் கண்டு பயம் வந்துவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரை மேஜைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். பயமாக இருக்கிறதா? இல்லை. கொஞ்சம்...? குடித்துப் பார்த்தேன். இறங்கியது. பத்து நிமிடம் கழித்து மறுபடி. அன்று நான் பதினேழோ பதினெட்டோ டம்ளர் தண்ணீர் குடித்திருப்பேன்.

மறுநாள் குளியலறையில் முதல் சொம்பைத் தூக்கியதும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. போச்சு, வந்துவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். டிசம்பர் மாதத் தில்லியில் பச்சைத் தண்ணீரைக் கண்டு நடுங்காதவன் யார் என்று தோன்றவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரிப்பு வரவில்லை, ஐயா. அப்போது வரவில்லை.

என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். நானே கழுவினேன். மகள் சுமதிக்கு ஒன்பது வயது. சாப்பிடும்போது என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்வது அவளுக்கு வழக்கம். செவ்வாய் ராத்திரி அவள் கையை நீட்டியதும் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"க்யா ஹுவா அப்பா? கோவமா?" என்றாள், பள்ளிக்கூட இந்தி பாதி, தமிழ் பாதியாக.

கோபம் இல்லை என்று சொல்லத் தொண்டையில் குரல் வரவில்லை. உடனே, தொண்டை அடைக்கிறதே, இதுவும் ஓர் அறிகுறியோ என்று இன்னொரு பயம்!

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் விளக்குப் போடவில்லை. சாரதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மேல்வீட்டு சர்தார்ஜி கேக்காரு... 'சாஹபுக்கு ஊசி எப்படிப் போகுது'ன்னு."

மேல்வீட்டில் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் இருக்கிறார். காலையில் குளித்துவிட்டுப் பால்கனியில் நின்று தலைமுடியை ஆற்றுவார். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் எட்டிப் பார்த்திருக்கிறார். அந்தப் பனியிலும் குரங்கைப் பார்த்திருக்கிறார், பாதி வால் உட்பட. நான் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் என்று அவர் நினைத்தது இயற்கைதானே? யார்தான் போகாமல் இருப்பார்கள்!

"கம்பி கிழிச்சிட்டுன்னீங்களே" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாத விஷயம்.

"எங்க சித்தப்பா எப்படிச் செத்தாகன்னு தெரியுமா உங்களுக்கு? காய்ச்சல்னுதான எல்லார்ட்டயும் சொல்லிருக்கோம்... காய்ச்சல் இல்ல. நாய்க்குட்டி. வெளையாடயில பல்லு பட்டுச்சு, ஒண்ணுமில்லன்னு விட்டுட்டாக. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தாக. ஒருநா சித்தி சொம்புல தண்ணி கொண்டு போனா... அந்தச் சொம்பப் பாத்து அவுக அலறுன அலறல் இன்னும் என் காதுல கெடக்கு. ரூமுல வச்சுப் பூட்டிட்டாங்க. உள்ளயிருந்து தண்ணி கேக்காக, குடுத்தா அலறுதாக. எனக்கு அப்ப ஒம்பது வயசு. நம்ம சுமதி வயசு."

அழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எழுந்து போய் ரேஷன் கார்டு வைக்கும் பையிலிருந்து என் டிஸ்பென்சரி கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"காலைல ஏழு மணிக்குக் கெளம்பணும். நானும் வாரேன்."

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூன்று நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அவரும் சிரிக்கவில்லை. விரல் நுனியில் கடி என்றால் தாமதிக்கவே கூடாது என்றார். "சரி, ஆரம்பிப்போம்" என்று அவர் சொன்ன தொனியில் 'பார்ப்போம்' என்பதும் இருந்தது. சாரதா என் தோளைப் பிடித்திருந்தாள். ஊசி வலித்ததா? வலித்தது. ஆனால் நான் மூன்று நாளாகப் பயந்தது இதற்கா என்று வெட்கமாகவும் இருந்தது.

கிளம்பும்போது சாரதா தனக்குத் தெரிந்த இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் குரங்குக்கு நோய் இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டர் சொன்னார்: "நோய் இருந்தால் அது அதிக நாள் பிழைக்காது. பத்து நாள் கழித்தும் நன்றாக நடமாடினால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் அதை நம்பி ஊசியை நிறுத்தக்கூடாது."

வெள்ளிக்கிழமை காலை, சாரதா தட்டைக் கழற்றி எறிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். தட்டு மரத்திலேயே இருந்தது. அதில் இரண்டு சப்பாத்தி, ஒரு வாழைப்பழம், குவியலாக வேர்க்கடலை!

ஜன்னல் கம்பியைக் குரங்கு தொட்டாலே அலறுகிறவள் சாரதா. அவள் வலைக்கதவைத் தாழ் போட்டுவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அது வரணும்" என்றாள். 

தினமும் நின்றோம். சிட்டுக்குருவிகள் வந்தன. மைனா வந்தது. நான் அத்தனை ஆசைப்பட்ட கிளிகள் ஒரு நாள் ஏழு சேர்ந்து வந்தன. ஒன்றையும் ரசிக்க முடியவில்லை. 'நீங்கள் இல்லை, நீங்கள் இல்லை' என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. சில சமயம் எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் விருட்டென்று பறக்கும். அப்போது இருவரும் வலையோடு முகத்தை ஒட்டிக்கொள்வோம். பார்த்தால் பூனையாக இருக்கும். ஒருநாள் வல்லூறு ஒன்று வந்து குருவியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சாரதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலே பால்கனியில் சர்தார்ஜியும் காவல். "அபி நஹீ, பேட்டி" என்று, சாரதாவை மகளாக அழைத்து, இன்னும் வரவில்லை என்பதை மேலிருந்து சொல்வார். ஏழாம் நாள் வேறு குரங்குகள் வந்தன. ஒரு தாய், இரண்டு குட்டி. எல்லாவற்றுக்கும் முழு வால். சாரதா அன்று சாப்பிடவில்லை. அது செத்துப்போயிருக்கும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். 

கடிபட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை. தட்டில் ஒரு குருவிகூட இல்லை.

"ஆ கயா! பேட்டி, ஆ கயா!"

வந்துவிட்டது, வந்துவிட்டது என்று மேலே சர்தார்ஜி குழந்தை மாதிரி கத்தினார். சுவர்மேல் அது நடந்து வந்தது. பாதி வால். நிதானமாக மரத்தில் ஏறி, சப்பாத்தியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, வாழைப்பழத்தை உரித்துத் தின்றது. எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. முன்னைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சாரதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாயிரு... நீ நல்லாயிரு சாமி" என்றாள். அப்போதுதான் அழுதாள். பதினோரு நாள் அழுகை.

மிச்சமிருந்த ஊசிகளையும் போட்டு முடித்தாகிவிட்டது. தட்டு இருக்கிறது, வேர்க்கடலை மட்டும் இல்லை. சுமதி மறுபடி என் தட்டில் கைவைக்கிறாள். பயம் முழுக்கப் போய்விட்டதா? டாக்டர் போய்விட்டது என்கிறார். சாரதா வாரம் ஒருமுறை, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, நான் தண்ணீர் குடிக்கும்போது என் முகத்தையே பார்க்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். தனியாகப் பயந்த மூன்று நாளும் நான் செய்த ஒரே வைத்தியம் டம்ளரை முறைத்தது. இரண்டு பேராகப் பயந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்தது.

ஆகவே... கடிபட்டால் முதலில் சோப்பு. அடுத்த நிமிடமே வீட்டில் சொல்லிவிடுங்கள்!