குளியலறையில் ஓர் இருட்டறை

அப்பா இழுத்துப் பார்க்கிறார். இன்னொரு முறை இழுக்கிறார். பூட்டு பூட்டித்தான் இருக்கிறது. படியிறங்கியவர், "ஒரு நிமிஷம் கண்ணு" என்று திரும்ப ஏறி, மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறார். முனைக் கடையில் தீப்பெட்டி வாங்கி வருவதற்கு இவ்வளவும்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. "கண்ணாடி பாக்காம பின்னால எடுத்தவன் உருப்பட்டதில்ல" என்பார். அம்மா இருந்தவரை, "உங்களுக்குக் கடவுள் பிரேக் மட்டுந்தான் வெச்சு அனுப்பியிருக்கான்" என்று சிரிப்பாள். இப்போது சிரிக்க ஆளில்லை. அடுப்பைத் திருகிப் பார்ப்பது மட்டும் கூடியிருக்கிறது. சாப்பிடும்போது திடீரென்று கேட்பார்: "அவ விஷயத்துல எதைம்மா நான் பாக்காம விட்டேன்?"

நோய் தெரிந்தபோதே முற்றியிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா செல்போனில் படம் எடுக்க விடவில்லை. எடுத்த கையோடு வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா பரணிலிருந்து பழைய பிலிம் கேமராவை இறக்கினார். "இதுல எடுங்க. உடனே பாக்க முடியாதில்ல" என்றாள். ஒரு சுருள் முழுக்க எடுத்தார். அவளுடைய கடைசி மாதங்களுக்கு வேறு படம் கிடையாது.

கடையில் கொடுத்துக் கழுவலாம் என்றேன்.

"மாத்திக் குடுத்துட்டான்னா? எவன் பொண்டாட்டியையோ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஆகவே குளியலறை இருட்டறையாயிற்று. இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் இடம். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள், அடுக்கடுக்காக. கதவிடுக்கில் கம்பளி. வாளிமேல் பலகை, பலகைமேல் பிலிம் கழுவும் டப்பா, மருந்துக் குப்பிகள், வெப்பமானி. வீணான பிலிமை வைத்துக் கண்ணை மூடியபடி டப்பாவின் உருளையில் சுற்றிப் பழகினார். பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"யாராவது சுவிட்சைப் போட்டுட்டா?"

"வீட்ல நாம ரெண்டே பேர்தாம்ப்பா."

"அதான் சொல்றேன். நீ எஞ்சினியர். எதையாவது நோண்டுவ."

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்ததும் உள்ளே போனார். வெளித்தாழ்ப்பாளை என்னைப் போடச் சொன்னார். "கை தவறி நானே தெறந்துட்டா?" சற்று நேரத்தில் சுருளின் மூடி கழன்ற சத்தம். பிறகு குரல்.

"கண்ணு, கதவுல செவப்பா ஒரு பொட்டு தெரியுது!"

"பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் லைட்டுப்பா, கதவு ஓட்டையில தெரியுது. இரு, அணைக்கிறேன்."

"ஒண்ணொண்ணா எதுக்கு? பிலிம் கையில இருக்கு. மெயினையே எறக்கிடு!"

இறக்கினேன்.

வீடு இருண்டது. குளியலறைக் கதவில் அதே ஓட்டை வழியாக, உள்ளேயிருந்து வெள்ளையாக வெளிச்சம் வந்தது.

அம்மா இருட்டில் வழுக்கி விழக் கூடாதென்று கதவுக்கு மேலே, உட்புறம், நான் பொருத்திய விளக்கு. மின்சாரம் போனால் தானே எரியும். அது சார்ஜ் ஆவதைக் காட்டும் புள்ளி வெளிச்சத்தைக்கூட அப்பா கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார். விளக்கு எப்போது எரியும் என்பதை இருவருமே நினைக்கவில்லை. மின்சாரம் நின்றது, எரிந்தது.

பிலிம் பாழாக ஒரு நொடி போதும். அவருக்கும் அது தெரியும்.

தாழ்ப்பாளை விலக்கித் திறந்தேன். அப்பா விளக்குக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு ஒட்டி நின்றார். பிலிமைச் சுருட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுக்கொண்டிருந்தார்.