என் பெயரில் ஓடிய இயந்திரங்கள்

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, ஆறு வருடமாக ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கணினிக்குள் கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அச்சு தயாரித்து, ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைப்பது என் பொறுப்பு. யாருக்குப் புது இயந்திரம் வேண்டுமானாலும் அங்கிருந்து பிரதி எடுத்துக்கொள்வார்கள். அச்சில் பிழை இருந்தால் எல்லாப் பிரதியிலும் இருக்கும்.

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். ராஜினாமா அனுப்பிவிட்டு, நான் போன பிறகு மூடவேண்டிய என் நுழைவுக் கணக்குகளைப் பட்டியலிட உட்கார்ந்தேன். என் கணக்கு எங்கெங்கே இருக்கிறது என்று தேடினால், களஞ்சியத்தின் முதல் அச்சுக்குள்ளேயே இருந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு சோதனைக்காக நானே போட்டது. எடுக்க மறந்திருக்கிறேன். மற்ற அச்சுகளையெல்லாம் அதிலிருந்துதான் செய்திருந்தேன்; அவற்றின் பிரதிகள் எல்லாம் என் கணக்கைக் கொண்டே உள்ளே நுழைந்து ஓடிக்கொண்டிருந்தன. என் கணக்கை மூடினால் அத்தனை இயந்திரமும் நின்றுபோகும்.

கணவரிடம் சொன்னேன்.

“ஏட்டி, எழுதிக் குடுத்தாச்சுல்லா? பொறவு அவனுவ பாடு. நீ எதுக்கு வாயத் தொறக்க?”

“எல்லாம் நின்னா யாரு செஞ்சதுன்னு பாப்பாவ. என் பேருதான் உள்ள கெடக்கு.”

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் மேலாளரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சரி பண்ணிட்டுப் போங்கம்மா. அந்த அச்சு லைப்ரரி உங்களத் தவிர யாருக்கும் தெரியாது.”

“எவ்வளவு நாள் சார்?”

“முடியற வரைக்கும்.”

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தித்தான் மாற்ற முடியும். நிறுத்த அனுமதி கேட்டால் ஒரு குழு மாதக் கடைசி என்றது, இன்னொரு குழு தணிக்கை என்றது. ஜூன் மழை தொடங்கியது. காலையில் கல்லூரிப் பேருந்து தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். நான் மாடியில் யாருடைய பதிலுக்கோ காத்திருப்பேன். கல்லூரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். ஆவணியில் வேறொருவரை நியமித்துவிட்டார்கள்.

ஐப்பசியில்தான் கடைசி இயந்திரத்தை மாற்றி முடித்தேன்.

“உங்க ராஜினாமாவ இன்னும் மேல அனுப்பல” என்றார் மேலாளர். “அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சார்.”

கீழே இறங்கியதும் கணவர் கேட்டார், “என்னட்டி, வேலைய விட்டாச்சா?”

“இல்ல” என்றேன். “இனி நான் எங்க போவ?”