சாயம் ஏறிய இட்லி

பேரன் கல்யாணத்தில் காலைப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் ரோஜா நிறத்தில் இரண்டு இட்லி விழுந்தது. "பீட்ரூட் சாறு தாத்தா, இப்போ இதான் ஃபேஷன்" என்றான் பரிமாறினவன். குழந்தைகள் கை தட்டின. உலக யுத்தத்துக்கு முன்னாலேயே, பீட்ரூட் இல்லாமலேயே, பிள்ளையார்பாளையத்தில் இந்த இட்லியைப் போட்டவன் நான்தான் ஐயா! போட்டுத்தான் நாசமாய்ப் போனேன்.

தறிக்குழியில் இறங்கினால் எனக்குத் தூக்கம் வரும். நெசவாளி வீட்டில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு வியாதி. என் பங்குத் தறியை விற்று, தெருக்கோடியில் இடம் பிடித்து, காபி கிளப் போட்டேன். அந்த இடத்தைப் பிடித்ததே பின்கட்டுக் கிணற்றுக்காக. தண்ணீர் கற்கண்டாய் இனிக்கும். கிணற்றை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியப்பனின் சாயப்பட்டறை. பட்டறை ஆட்களும், நூலுக்கு வருகிற நெசவாளிகளும் விடிந்ததும் பசியோடு நிற்பார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், போங்கள்!

மாவு அரைப்பது என் மனைவி தனம். முதல் ஈடு இட்லி கன்னியப்பனுக்கு. அவர் கை இரண்டும் முழங்கை வரை அரக்குச் சிவப்பு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தனம்மா, பஞ்சு தோத்துச்சு போ" என்பார். வெந்தயம் ஊறுகிற வாசனை வந்தால் இன்றும் அந்தக் குரல் கேட்கிறது.

மழை பொய்த்த வருஷம் பாலாறு வெறும் மணலாயிற்று. எங்கள் கிணறும் அடிமட்டத்துக்குப் போனது. ஒரு நாள் காலை இட்லிப் பானையைத் திறந்த தனம், "இன்னாங்க இது, இட்லி செவப்பா இருக்குது?" என்று அலறினாள். பட்டறையின் சாயத் தண்ணீர் மண்ணில் ஊறி எங்கள் ஊற்றில் கலந்திருந்தது. காபியில் தெரியவில்லை, காபி எதையும் விழுங்கிவிடும். இட்லி காட்டிக்கொடுத்துவிட்டது.

முதலில் சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னாபா, இட்லிக்கு முகூர்த்தப் பொடவை கட்டி வுட்டுக்கினு இருக்கே?" நானும் சிரித்தேன். பிறகு யாருக்கோ வயிற்றுவலி என்று பேச்சுக் கிளம்பியது. அதற்கப்புறம் கேலி செய்யக்கூட ஆள் வரவில்லை.

ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு கன்னியப்பனிடம் போய் நின்றேன். எங்கள் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "பட்டறைய மூடிடறேன், சொல்லு. மூடினா நூலு ஏது? தறி நின்னுச்சுன்னா உன் இட்லிய யாருப்பா துன்னுவாங்க?" செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

தனம் ஓரிக்கைப் பக்கம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாய்ச் சுமந்து வந்தாள். இட்லி வெளுத்தது. ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான். தட்டில் இட்லியை ஏந்திக்கொண்டு வாசலில் நின்று, "பாருங்கப்பா, வெளுப்பா இருக்குது பாருங்க" என்று போகிறவர்களைக் கூப்பிட்டாள். எங்கள் கடையில் கைநனைத்தவர்களே எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள்.

கன்னியப்பன் மட்டும் தவறாமல் வந்தார். காலி பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிடுவார். பஞ்சு என்று சொல்வதை விட்டுவிட்டார். கடையை மூடிப் பாத்திரங்களை விற்ற அன்றும் வந்தார். "அடுப்பு மூட்டலண்ணா" என்றாள் தனம். சிவந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

நான் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கப் போனேன். கிளப் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பட்டறையும் இல்லை, கன்னியப்பனும் இல்லை. தனம் மட்டும் ஒரு பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. வீட்டில் இட்லி எடுத்தால், ஒன்றைப் பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் என் தட்டில் வைப்பாள். அவளும் போய்விட்டாள். இப்போது மருமகள் பார்க்காமலே வைக்கிறாள். நானும் பார்க்காமலே தின்றுவிடுகிறேன்.