பாய்லர்காரர் மகளின் கைப்பட்டை

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் அவரை எல்லோரும் பாய்லர்காரர் என்றுதான் சொல்வோம். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில், ராத்திரி ஷிப்டில் நீராவி பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முழங்கை வரை சூட்டுத் தழும்பு. இரைச்சலிலேயே வாழ்ந்த மனிதர் என்பதால் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கத்தித்தான் பேசுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், பாய்லர் பரீட்சையை மட்டும் விடாமல் முட்டி மோதிப் பாஸ் செய்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். எங்கள் வீட்டிலும் என் பட்டம் அப்படித்தான் தொங்குகிறது. குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். இதைச் சொன்னபோது, "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே செட்டு தம்பி" என்றார்.

மகளை வாண்டு என்று கூப்பிடுவார். பத்து வயதுப் பெண். உடம்பு மட்டும் யாரையும் கேட்காமல் எழுபதைத் தொட்டுவிட்டது. தலையில் முடி கிடையாது, நெற்றி நரம்பு வெளியே தெரியும், தோல் தொட்டாலே கன்றிவிடும். சிறு வயதிலேயே மூப்பு வந்துவிடும் அரிய நோய். ஏற்கெனவே ஒரு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் அதோடு ஒரு புது மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து, கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டோம். நாடித்துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் பட்டையிலிருந்து அப்பாவின் செல்போனுக்கும், அங்கிருந்து என் கணினிக்கும் வந்து சேரும். அதை வரைபடமாக்கி டாக்டரம்மாவிடம் கொடுப்பது என் பொறுப்பு.

புது மாத்திரைக்குப் பிறகு வாண்டு மாடிப்படி ஏறுகிறாள், தட்டைக் காலி செய்கிறாள் என்று வீட்டில் ஒரே சந்தோஷம். பகல் நடை கூடியிருப்பதை என் திரையும் காட்டியது. ஆனால் இருட்டினால் வேறு கதை. ராத்திரி முழுக்கப் பிள்ளை நடக்கிறாள். நிற்கிறாள், மறுபடி நடக்கிறாள். தூக்கம் என்ற பேச்சே இல்லை. மூப்படைந்த இதயம் இதைத் தாங்காது, மாத்திரையின் பக்கவிளைவாகத்தான் இருக்கும், நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார்.

வாண்டுவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அதே சலவைக்கூடத்தில் பகல் ஷிப்டில் விரிப்பு மடிப்பவர். பிள்ளை தன் பக்கத்தில் கட்டை மாதிரி தூங்குகிறாள் என்று அடித்துச் சொன்னார். பட்டைதான் பழுதோ என்று வேறொன்று கொடுத்தோம். அதுவும் ராத்திரி நடந்தது. கணினி பொய் சொல்லாது என்று படித்து வந்தவன் நான். பெற்ற தாய் மட்டும் எதற்குப் பொய் சொல்கிறாள்? மண்டை காய்ந்துபோய் ஒரு சாயங்காலம் நேரிலேயே போனேன்.

ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்திருந்த வாண்டு எனக்கு நாற்காலியைக் காட்டினாள்.

"ராத்திரியில எங்கே நடக்குறம்மா?"

"கனவுல நான் நடக்குறதில்ல அங்கிள். ஓடுவேன்."

பாய்லர்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டினார், சாப்பாட்டுப் பையை எடுத்தார். பிறகு மகள் முன்னால் மண்டியிட்டு, பட்டையை மெல்லக் கழற்றி, சிவந்திருந்த மணிக்கட்டில் ஊதிவிட்டார். கழற்றிய பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"ஷிப்ட் மாத்துறோம் தம்பி."

ஒளிவுமறைவே இல்லை. ராத்திரியில் பட்டை அழுத்தித் தோல் உரிந்துவிடுகிறதாம். கழற்றி வைத்தால் கையில் ஆளில்லை என்று செல்போன் கத்துகிறதாம். அவர் தொழிலில் பாய்லரை ஆளில்லாமல் விடுவது கொலைக்குற்றம். ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் வந்து மீட்டர் முன்னால் நின்றாக வேண்டும். மகள் ஓய்வெடுக்கும்போது இவர் நிற்கிறார். அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது வாண்டுவின் துடிப்பை அல்லவா என்றேன். "நான் யாரோவா? அவ ஒடம்பு என் ஒடம்புலேர்ந்து வந்ததுதானே" என்றார்.

"என் கையில கட்டுங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டாரா?" என்றார் வாண்டுவின் அம்மா. "நானாவது தூங்கியிருப்பேன்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தப்போகும் பேச்சை அப்போதுதான் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நான் நடந்ததுக்கு அவ மாத்திரைய நிறுத்துவாங்களா?"

மறுநாள் எல்லோரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். ராத்திரிக் கணக்கை மட்டும் நீக்கிவிட்டால் போதும் என்றேன். போதாது. லீவு நாளிலும், கை வலிக்கிறது என்று மகள் சிணுங்கிய பகல்களிலும் பாய்லர்காரர் தன் கையில் கட்டியிருக்கிறார். எப்போதெல்லாம் என்று நினைவில்லை. அப்படியானால் நாங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்ட பகல் நடை யாருடையது? டாக்டரம்மா வரைபடத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு மூடினார். வாண்டுவைத் தன் கையாலேயே பரிசோதித்தார். நிறுத்தக் காரணமில்லை, தொடரட்டும் என்றார். பட்டை இனிமேல் துணி சுற்றிக் கணுக்காலில், செல்போன் வீட்டில்.

"அப்ப மருந்து கேக்குதுங்களா டாக்டர்?"

"இப்ப எனக்குத் தெரியாது. மறுபடி முதல்லேர்ந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

தொடரட்டும் என்றதற்குச் சிரிப்பதா, தெரியாது என்றதற்கு அழுவதா என்று புரியாத முகத்தோடு, வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போனார் பாய்லர்காரர்.

அன்று சாயங்காலம் சலவைக்கூடத்துப் போனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் நீராவி இரைந்தது. திரையில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். பார்த்தேன்.

"நடக்குறா அண்ணே."



"தம்பி, அது அவதானே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். போன வாரமென்றால் சொல்லியிருப்பேன். "லைன்லயே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேசைப் போனை எடுத்து அவர் வீட்டுக்கு அடித்தேன்.