வாய்க்கால் சிவப்பாகத் தெரிந்த வருடம்

கல்முனைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லின் அலுவலகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். நெல் அவித்த தண்ணீர் பின்பக்கத்து வாய்க்காலில்தான் விழும். வெயில் ஏறினால் புளித்த நாற்றம் என் மேசைவரை வரும். என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீடு அந்த வாய்க்காலை ஒட்டியது. காணும்போதெல்லாம் ஒரே கதை.

“நீ உள்ளுக்குத்தானே இரிக்காய், ஹாஜியாரிட்டச் சொல்லேன்.”

சொல்லாமல் இல்லை. எங்கள் முதலாளி ஹாஜியார் கெட்ட மனிதர் அல்லர். “நெல்லு அவிச்சா நாறாம, அத்தரா மணக்கும் புள்ள?” என்று சிரித்துவிட்டுப் போவார்.

எங்கள் அரிசியை வாங்கும் கொழும்புக் கம்பனிக்கு வருடா வருடம் ஓர் அறிக்கை போகும். ‘கழிவுநீர் முறைப்படி அகற்றப்படுகிறது’ என்று அதில் ஒரு வரி. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அரசாங்க ஆட்கள் வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப்போவதும் வழக்கம்தான். முடிவு என்னவென்று ஊருக்குத் தெரியவராது.

பிறகு அந்த முடிவுகளை இடத்தின் பெயரோடு இணையத்தளத்தில் போடத் தொடங்கினார்கள்; நல்ல தண்ணீருக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. எங்கள் வாய்க்கால் சிவப்பாகத் தெரிந்தது.

சில நாளில் அந்தக் கொழும்புக் கம்பனியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். “உங்கட அறிக்கை ஒண்டு சொல்லுது, அரசாங்கம் வேற சொல்லுது. எது சரி?”

ஹாஜியார் போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“இத ஆரும் பார்க்கலாமா புள்ள?”

“ஓம் ஹாஜியார். போன் இரிக்கிற எல்லாரும்.”

அந்தப் போகம் முடிவதற்குள் தொட்டிகள் கட்டி, பம்பு பொருத்தினார். கழிவுநீர் தெளிந்த பிறகே வாய்க்காலுக்குப் போனது. சிவப்பு மஞ்சளானது. கடைக்காரர், லொறிக்காரர் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஹாஜியார் தன் போனில் அதைக் காட்டினார். ராத்தாவும் என்னிடம் வேறு கதைகள் கதைத்தார்.

ஆனால் இணையத்தளத்தில் புது முடிவுகள் வருவது நின்றுபோனது. பழைய மஞ்சள் அப்படியே கிடந்தது. கரண்ட் பில் கூடுகிறது என்று பம்பு ஒருநாள் ஓடும், இருநாள் ஓடாது. பிறகு ஓடவே இல்லை. கொழும்பிலிருந்தும் ஒரு கேள்வி இல்லை.

நான் மில் மதிலோரம் நின்று, தண்ணீர் எடுத்துப்போகும் அரசாங்கக் காரியாலயத்துக்குப் போன் எடுத்தேன்.

“தண்ணி எடுத்துத்தான் இரிக்கி மிஸ். இணையத்தில போட ஆளில்ல. செஞ்சவர் மாற்றலாகிப் போயிட்டார்” என்றார் உத்தியோகத்தர்.

எழுதிக் கேட்டேன். முடிவு தபாலில் வந்தது, மோசமாகத்தான் இருந்தது. ஹாஜியாரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“இது உனக்கு மட்டுந்தானே அனுப்பினாங்க?”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அதன்பின் மாதாமாதம் போன் எடுத்தேன். என் குரலைக் கேட்டே அந்த உத்தியோகத்தர் பெருமூச்சு விடுவார். கடைசியில் ஒருநாள் போட்டுவிட்டார்கள். மறுபடி சிவப்பு. மறுபடி கொழும்பு அழைத்தது. அன்று பின்னேரமே பம்பு ஓடியது.

இப்போதும் ஓடுகிறது. நேற்றும் காரியாலயத்துக்கு எடுத்தேன்.

“இந்த மாச முடிவ எப்ப போடுவீங்க?”

“பார்ப்பம் மிஸ்.”