மதினி வீட்டுக் குசினி

பரீனாவுக்குப் பொறாமை கூடப் பிறந்தது. அதை அவள் மறைப்பதுமில்லை. சாய்ந்தமருதில் மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்தால் வேறென்ன வரும்? மூத்தவளுக்கு வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் முன் ஹோல் பெரிது. இளையவளின் வீட்டுக்கு டைல்ஸ் பதித்திருந்தது. தனக்குச் சீதனமாக வந்த வீட்டில் என்ன குறை என்று தேடித் தேடி, கடைசியில் கிணறு பிழையான பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்காக ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் அவளுடைய பொறாமைகளுக்கு ஆயுள் குறைவு. வந்த வேகத்தில் போய்விடும். போகாமல் நின்றது ஒன்றுதான், புருஷனின் ஃபோன் மேல் வந்தது.

ஜுனைட் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறவர். ஐந்து மணிக்கு வேலை முடியும். ஐந்தேகாலுக்கு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும். முன் ஹோலில் மின்விசிறிக்குக் கீழே உள்ள கதிரையில் உட்கார்ந்து, "பரீனா, தேத்தண்ணி இரிக்கா?" என்பார். பதினாறு வருஷமாக அதே கதிரை, அதே கேள்வி. தேத்தண்ணி வரும், கடிக்க ஏதாவது வரும். ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் ஃபோன். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பெருவிரல் ஓயாது. இடையிடையே தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். பரீனாவின் பொறாமையெல்லாம் அந்தச் சிரிப்பின் மேல்தான். தன்னிடம் "ம்", "ஓம்", "சரி" என்று மூன்று சொல்லோடு முடித்துக்கொள்கிற மனிதன், யாரோ எங்கேயோ சறுக்கி விழுவதைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார்.

அந்த ஃபோனை அவர் விட்டதற்குக் காரணம் மனைவியின் முணுமுணுப்பு இல்லை. இறந்தவரை வைத்திருந்த ஒரு மையத்து வீட்டில் எல்லோரும் கையேந்தி துஆக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய சேட்டுப் பையிலிருந்து ஒரு பெண் பாட்டும் கூத்துமாகக் கோழி பொரிக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். பையை அமத்த அமத்தச் சத்தம் கூடியது. மையத்தின் மகனே தலையைத் திருப்பிப் பார்த்தானாம். அன்றைக்கே ஃபோனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பட்டன் ஃபோன் ஒன்று வாங்கி வந்தார்.

பரீனா நன்றி சொல்லி இரண்டு ரக்அத் சுன்னத்துத் தொழுதாள். இனிமேல் ஐந்தேகால் முதல் மஃரிபு வரை உள்ள நேரம் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டாள். மகள் ஸம்றாவும் அந்த நேரத்தில் டியூஷனுக்குப் போய்விடுவாள். வீட்டில் இரண்டே பேர். முதல் நாள் கட்லட் பொரித்து, முகத்துக்குப் பவுடரும் பூசிக்கொண்டு இருந்தாள்.

ஐந்தேகாலுக்கு மோட்டார் சைக்கிள் வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை. மஃரிபு தொழுதுவிட்டுத்தான் வந்தார். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த கிழமை முழுக்க அப்படி. கேட்டால், "சும்மா, அங்கால ஒரு வேல" என்றார். கழற்றிப் போட்ட சேட்டை மோந்து பார்த்தாள். வெங்காயம் மணத்தது. எந்தப் பெண் வெங்காயம் பூசிக்கொண்டு திரிகிறாள் என்று இரண்டு நாள் குழம்பினாள்.

விடையைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஹாஜறா. "மருதமுனைக்குப் போன நேரம் உங்கட சபூறா மதினிட ஊட்டடியால வந்தன். உங்கட அவர் குசினில குந்தியிருந்து வெங்காயம் உரிக்கிறார். அப்பிடிச் சிரிப்பும் கதையும். நான் வேற ஆரோ எண்டு நினைச்சிட்டன்."

வேறு யாராவது பெண் என்றிருந்தால் பரீனா ஊரைக் கூட்டியிருப்பாள். புருஷனின் மூத்த சகோதரியோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எந்தக் காதிகோட்டுக்குப் போய், "என்ட புருஷன் அவர்ட ராத்தாவோட கதைக்கிறார்" என்று வழக்கு வைப்பது? ஃபோனாவது தன் வீட்டுக்குள் இருந்தது. இப்போது ஆளே இல்லை. அலுமாரியைத் திறந்து அந்த ஃபோனை எடுத்துச் சார்ஜில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அவ்வளவுக்கு வந்துவிட்டது.

அடுத்த நாள் வட்டிலப்பம் அவித்துத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போனாள். முன் கேற்றால் போகவில்லை. பக்கத்து ஒழுங்கையால் சுற்றி, குசினிக் கதவடிக்கு வந்து நின்றுகொண்டாள்.

உள்ளே ஜுனைட் ஒரு சின்னப் பலகையில் குந்தியிருந்தார். மடியில் வெங்காயச் சுளகு. சபூறா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே, பிறகு என்ன நடந்தது என்கிற மாதிரி, "மறுகா?" என்றாள்.

"மறுகா என்ன, பெயின்ட் வாளி பாதி முடிஞ்சிரிக்கு. திருப்பி எடுக்கட்டாம். ஏன் காக்கா எண்டு கேட்டன். 'பொஞ்சாதிக்கு நிறம் புடிக்கல்ல தம்பி' எண்டார். பாதிச் சுவர் அடிக்கும்வரைக்கும் புடிச்சிரிக்கே எண்டன். 'அதுவரைக்கும் அவ உம்மா ஊட்ட இருந்த' எண்டார்."

வாளி கொண்டுவந்த அந்த அண்ணன்காரரின், அந்தக் 'காக்கா'வின், மூக்கால் வருகிற குரலை அப்படியே பிடித்தார். சபூறா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். ஜுனைட் எழுந்துபோய்ச் சட்டி மூடியைத் திறந்தார். ஆணத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். "உப்புக் காணா ராத்தா."

பரீனாவுக்குக் கதை காதில் விழுந்ததை விட அந்த மூடி கண்ணில் பட்டதுதான் சுட்டது. பதினாறு வருஷத்தில் தன் வீட்டில் அவர் ஒரு சட்டி மூடியைத் திறந்ததில்லை. குரல் பிடிக்கத் தெரிந்தவர் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ஜுனைட் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். கையைச் சாரத்தில் துடைத்தார். வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல் முகம் மாறிப்போனது. "நீயா? வா" என்றுவிட்டு, முன்பக்கம் போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

"வா புள்ள" என்றாள் சபூறா. "இவன்ட கரச்சல் தாங்கேலா. குசினிக்குள்ள வந்து நிண்டு, சட்டியெல்லாம் திறந்து திறந்து பாக்கிற. அங்கயும் இப்பிடித்தானே?"

பரீனா தூக்குச்சட்டியை மேசையில் வைத்தாள்.

"ஓம் மதினி" என்றாள். "அங்கயும் இப்பிடித்தான்."

ஓட்டோவில் திரும்பி வரும்போது மதினி மேல் இருந்த கோபம் கல்முனைப் பஸ் நிலையத்தோடு தீர்ந்துபோனது. பிறகு உம்மா மேல் வந்தது. உம்மாதான் கலியாணத்தன்றே சொன்னா: மாப்பிள்ளை நம்மட வீட்டுக்கு வந்தவர், குசினிப் பக்கம் கால் வைக்க விடாதே, எல்லாம் முன்னுக்கே கொண்டு போய்க் குடு. பரீனா அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். ஒருநாள், கலியாணம் முடித்த புதிதில், தண்ணீர் குடிக்க அவர் குசினிக்குள் வந்தபோது, "ஐயோ, நீங்க போய் இரிங்க" என்று கோப்பையைப் பறித்துக்கொண்டு அனுப்பியதும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் போய் உட்கார்ந்தவர்தான். விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிற மனிதன் ஃபோனைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? கடைசியில் யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல், ஓட்டோக்காரனிடம் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் சரியாக ஐந்து மணிக்கு அவருடைய பட்டன் ஃபோனுக்குக் கோல் எடுத்தாள். "நேர ஊட்ட வாங்க. வெங்காயம் உரிக்கணும்."

"நானா?" என்றார்.

வந்தவர் குசினி நிலையில் நின்றுகொண்டார். உள்ளே வரலாமா என்று கேட்கிற நிற்பு. பரீனா பலகையைக் காலால் தள்ளிவிட்டு, சுளகைக் கையில் கொடுத்தாள். உட்கார்ந்தார். உரித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து வெங்காயம் உரித்தாயிற்று. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அடுப்பில் ஆணம் கொதித்தது. பரீனா காத்திருந்தாள், தேங்காய் துருவினாள், மறுபடியும் காத்திருந்தாள்.

"கடையில என்ன புதினம்?"

"ஒண்டுமில்ல."

"அந்தப் பெயின்ட் வாளிக் காக்காட கதையச் சொல்லுங்க."

ஜுனைட் நிமிர்ந்து பார்த்தார். "அதத்தான் நேத்து ராத்தாக்கிட்டச் சொல்லிட்டனே. நீயும் கேட்டிரிக்காய்."

"கதவுக்கு அங்கால நிண்டு கேட்டன்" என்றாள் பரீனா. "அது மதினிக்குச் சொன்ன கதை. எனக்குச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, பில்லில் உள்ளதை வாசிக்கிற மாதிரி ஆரம்பித்தார். ஒரு காக்கா வந்தார், பெயின்ட் வாளி கொண்டுவந்தார், பாதி முடிந்திருந்தது. பரீனா துருவலை நிறுத்திவிட்டு, "மறுகா?" என்றாள். அந்தச் சொல் நன்றாக வேலை செய்தது. மூக்கால் குரல் வர ஆரம்பித்தது. பெண்சாதிக்கு நிறம் பிடிக்கவில்லையாம், பாதிச் சுவர் அடிக்கும்வரை பிடித்திருந்ததே என்ற இடத்துக்கு வந்தார்.

சபூறா அதற்கு அடுத்த வரியில்தான் சிரித்தாள். பரீனா அதுவரைக்கும் பொறுக்கவில்லை. ஒரு வரி முந்தியே சிரித்துவிட்டாள்.