எச்சில் தொட்டிக்குக் காவல்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில், தட்டு கழுவும் சன்னலுக்கு முன்னால் ஒரு பெரிய நீலத் தொட்டி உண்டு. சாப்பிட்டு முடித்தவர்கள் மிச்சத்தை அதில் கொட்டி, தட்டைச் சன்னலுக்குள் தள்ளிவிட்டுப் போவார்கள். தொட்டிக்கு அடியில் எடை மெஷின். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. 'இன்று வீணான உணவு' என்று அதில் நிரந்தரமாக எழுதியிருக்கும். எத்தனை கிலோ என்பதை மட்டும் தினமும் அழித்து எழுத வேண்டும். அதற்குக் கீழே 'இதில் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கலாம்' என்று இன்னொரு வரி. சேரப்பணஞ்சேரி கலைமணியின் வேலை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது.

வெறுமனே நின்றால் போதாது. யார் எதைக் கொட்டினாலும், "சாப்பாட்டை வீணாக்காதீங்க சார்" என்று சொல்ல வேண்டும். கேன்டீனை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டரின் உத்தரவு அது. முதல் இரண்டு நாள் சொன்னாள். மூன்றாம் நாள் ஒரு பையன், "அப்ப நீ துன்னுக்கோக்கா" என்று சொல்லிவிட்டுக் கொட்டிவிட்டுப் போனான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடம். அவன் கொட்டியது ஓரம் கூடக் கடிக்காத ஒரு மசால் வடை. அது சோற்றுக்குள் மெதுவாக அமிழ்வதை அவள் கடைசிவரை பார்த்தாள். அன்றிலிருந்து வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

பிரசவத்துக்குப் போகும்வரை அவள் சப்பாத்தி கவுன்டரில் இருந்தவள். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஜாஸ்மின் என்கிற சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். லீவில் போனவர்களுக்குத் திரும்பி வரும்போது எது காலியாக இருக்கிறதோ அதுதான். எச்சில் தொட்டி எப்போதும் காலியாகவே இருக்கும் இடம்.

மகள் இசைவாணிக்கு ஏழு மாதம். கஞ்சி கொஞ்சம் இறங்குகிறது என்றாலும் அவளுக்குத் தாய்ப்பால்தான் சாப்பாடு. கலைமணி வேலைக்கு இடையில் முதலுதவி அறைக்குப் போய், கதவைத் தாழ்போட்டு, பாலைப் பீய்ச்சி பாட்டிலில் பிடித்து, கேன்டீன் ஃப்ரிட்ஜில் மோருக்குப் பின்னால் வைப்பாள். மறுநாள் பகலில் மாமியார் பாப்பம்மாள் அதைப் பேத்திக்குக் கொடுப்பாள். ஏற்பாடு ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்கில்லாமல் இருந்தது பசி ஒன்றுதான்.

பிள்ளைத்தாய்ச்சிப் பசி என்று ஊரே பேசும். பால் கொடுக்கிறவள் பசியைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லி வைக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பினால் அது வந்து உட்கார்ந்திருக்கும். குழந்தை நான்கு வாய் குடித்தால் இவளுக்கு நாற்பது வாய் சாப்பிடத் தோன்றும். வீட்டில் பொட்டுக்கடலை டப்பா தானாகக் காலியானது. "இன்னாடி இது, வூட்ல எலி கீதா?" என்று கணவன் ஜீவானந்தம் கேட்டான். "கீது" என்றாள். அவன் இருங்காட்டுக்கோட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எதையும் அதற்கு மேல் ஆராய்கிறவன் அல்ல. போய் ஒரு எலிப்பொறி வாங்கி வந்து வைத்தான்.

கண்டபடி சாப்பிடவும் வழியில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தபோது கலைமணிக்குச் சர்க்கரை வந்தது. பெற்றதும் போய்விட்டது. ஆனால் உடம்பில் ஏறிய எடை போகவில்லை. அவள் அம்மா காலையும் ராத்திரியும் புடவையை விலக்கி வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறவள். குத்திக் குத்தித் தடித்துப்போன அந்த இடத்தைக் கலைமணி தொட்டுப் பார்த்திருக்கிறாள். தனக்கும் அது வந்துவிடும் என்கிற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. இ.எஸ்.ஐ. டாக்டரம்மா பயத்தைக் குறைத்துச் சொல்லவும் இல்லை, கூட்டிச் சொல்லவும் இல்லை.

"எடை இறங்கணும். ஆனா மெதுவா. பால் குடுக்கறீங்க, பட்டினி மட்டும் கெடக்காதீங்க. நேரம் தவறினா அப்புறம் ரெண்டு மடங்கு சாப்பிடுவீங்க. சோத்தைக் கொறைச்சு காயும் முட்டையும் பருப்பும் ஏத்துங்க. நேரத்துக்குச் சாப்பிடறதுதான் உங்களுக்கு மருந்து."

அந்த மருந்துக்குக் கேன்டீன் தோதாகத்தான் இருந்தது. கேன்டீன் ஆட்கள் எல்லோரும் சர்வீஸ் தொடங்கும் முன், பதினோரு மணிக்குச் சாப்பிட்டுவிடுவார்கள். கலைமணி ஒரு கரண்டி சோறு, மூன்று கரண்டி கூட்டு, ஒரு முட்டை என்று போட்டுக்கொள்வாள். பக்கத்தில் தட்டு கழுவும் மாரி மலை மாதிரி சோறு குவித்து நடுவில் குழி பறித்துக் காரக்குழம்பு ஊற்றும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். முதல் மாதம் எடை இறங்கியது. டாக்டரம்மா சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஒருநாள் கேஸ் சிலிண்டர் வர நேரமாகிவிட்டது. சமையலே தாமதம். ஆட்கள் சாப்பிடவில்லை, நேராகச் சர்வீசுக்கு நின்றார்கள். லைனுக்கு இடைவேளை விட்டதும் கூட்டம் வந்தது. கலைமணி தொட்டிக்குப் பக்கத்தில் காலையில் தின்ற இரண்டு இட்லியோடு நின்றாள். அந்த இட்லி எப்போதோ பாலாகி பாட்டிலுக்குப் போய்விட்டிருந்தது. ஒருவர் முழு முட்டையோடு வந்தார். அவள் கண் முட்டையைப் பிடித்துக்கொண்டது. தட்டு சாய்ந்தது; கண்ணும் சாய்ந்தது. அவர் ஒரு கணம் நின்றார். அவளைப் பார்த்தார். முட்டையை எடுத்து நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொண்டு, தொண்டை அடைக்க "சாரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தவர் பாதிச் சப்பாத்தியோடு வந்து, அவளைப் பார்த்துவிட்டு, திரும்பி மேசைக்கே போனார். அன்று எடை மெஷின் வழக்கத்தில் பாதி காட்டியது. மெஷின் கெட்டுவிட்டதென்று நினைத்து மாரி அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

கேன்டீன் பொறுப்பாளர் ரகுபதிக்கு இது போதும். அவர் கேட்டரிங்குக்கு வருமுன் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தவர். எதற்கும் மூலகாரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்து விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே படித்ததை மறக்காதவர். மறுநாள் கலைமணி சாப்பிட்டுவிட்டு நின்றாள். தொட்டியின் எடை பழையபடி ஏறியது. அடுத்த வாரம் சரியாகப் பதினோரு மணிக்கு அவளை ஸ்டோருக்கு அனுப்பி வெங்காய மூட்டைகளை எண்ணச் சொன்னார். அவள் சாப்பாடு போயிற்று, தொட்டியின் எடை இறங்கியது. அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, "கலை, திங்கள்லேர்ந்து நீ சர்வீஸ் முடிஞ்சப்புறம் சாப்டு. லைன் பேலன்ஸ் பண்றோம்" என்றார்.

"பசி தாங்காது சார். பாப்பாக்குப் பால் குடுக்கறேன்."

"ஒரு மாசம் பாப்போம். எல்லாருக்கும் நல்லதுதான்."

ரகுபதி கெட்டவர் அல்ல. தீபாவளிக்கு ஆட்களுக்குத் தன் கைக்காசில் வேட்டி புடவை எடுத்துக் கொடுப்பவர். நல்லவர்களிடம் வேலை செய்வதில் இதுதான் தொந்தரவு. அவர்கள் செய்வது அநியாயம் என்று புரியவே நாளாகும். கலைமணியும் ஏதோ ஆள் பற்றாக்குறை என்றுதான் நினைத்தாள். பாக்கெட்டில் சுண்டல் போட்டுக்கொள்ளலாம் என்றால் கேன்டீன் சட்டையில் பாக்கெட்டே கிடையாது. உணவில் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று தைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஆக, தினமும் அவள் வெறும் வயிற்றோடு நின்று, ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசைகளில் அவளுக்கு 'முறைக்கிற அக்கா' என்று பெயர் விழுந்தது. பெயர் விழுந்தால் கதையும் விழும். அவங்க வீட்டு நெல் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது, அதனால்தான் ஒரு பருக்கை கொட்டினாலும் தாங்காது என்றது அசெம்பிளி பிரிவு. அவங்க அப்பா பட்டினியில் செத்தவர் என்றது பெயின்ட் பிரிவு. அவள் அப்பா படப்பையில் சவுக்கியமாக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் தொட்டியருகில் அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவளோ அவன் தட்டில் கிடந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வீஸ் முடிந்து அவள் சாப்பிட உட்காரும்போது கூட்டும் முட்டையும் தீர்ந்திருக்கும். சோறும் அப்பளமும்தான் மிஞ்சும். அந்த நேரத்துப் பசிக்கு டாக்டரம்மா சொன்னது எதுவும் ஞாபகம் இருக்காது. மாரி குவிக்கிற மலையை இவள் குவித்தாள். குழி பறித்தாள். தின்று முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வரும். வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டை விடுவாள். காலையில் கண் இருட்டும். பாட்டிலில் பால் குறைய ஆரம்பித்தது. "கொய்ந்தைக்குப் பத்தல கலை, பாட்டிலை நக்கிக்கினு அழுவுது" என்றாள் பாப்பம்மாள். குறையாக அல்ல, தகவலாகத்தான் சொன்னாள். கலைமணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரி மெஷினில் எடை கூடியிருந்தது. சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேனே?"

"கேன்டீன்ல வேலை மேடம். சாப்பிட நேரம் இல்ல" என்றாள் கலைமணி. சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று அவளுக்கே உறைத்தது.

மறுநாள் ரகுபதியிடம் கேட்டாள். "பழைய டைம்கே வுட்டுடுங்க சார்." அவர் முகமெல்லாம் மலர்ச்சி. "வெள்ளிக்கிழமை உனக்கு அவார்டும்மா. அது முடியட்டும்."

வெள்ளிக்கிழமை சர்வீசுக்கு முன்னால் கேன்டீனில் மைக் வைத்தார்கள். கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். அதிகாரி சசிரேகா வந்திருந்தார். முதல் பேட்ச் தொழிலாளர்கள் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வீணாகும் உணவு பாதியாகக் குறைந்திருக்கிறது, மற்ற யூனிட்டுகளிலும் இதைச் செய்ய வேண்டும் என்று பேசிய சசிரேகா, ரகுபதி பக்கம் திரும்பி, "எப்படிச் சாதிச்சீங்க, சொல்லுங்க" என்றார்.

ரகுபதி மைக்கைப் பிடித்தார். "போஸ்டர் ஒட்டிப் பார்த்தோம் மேடம், பலன் இல்ல. இவங்க சாப்பிட்டுட்டு நின்னா யாரும் கண்டுக்கறதில்ல. சாப்பிடாம நின்னா, இவங்க பார்க்கிற பார்வையில யாருக்கும் கொட்ட மனசு வரல. டிரையல் எடுத்துப் பார்த்துட்டுதான் இவங்க லஞ்சை சர்வீசுக்குப் பின்னால மாத்தினோம். இதுல செலவே இல்ல மேடம்."

'செலவே இல்ல' என்றால் கை தட்டிப் பழகிய இடம். தட்டினார்கள். பாதியில் சில பேருக்கு விஷயம் புரிந்து, கைகள் அங்கங்கே நின்றுபோயின. முட்டையை நின்றபடி விழுங்கியவர் முதல் வரிசையில் இருந்தார். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

கலைமணிக்கு முகம் சுட்டது. வேலை அப்படி அமைந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டுப் பட்டினி போட்டிருக்கிறார்கள். தன் பாலை, தன் பிள்ளையின் வயிற்றை. அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது. அரைக் கிலோ மைசூர்பாகு டப்பாவைக் கையில் கொடுத்து, மைக்கையும் நீட்டினார்கள்.

"எனக்குப் பேசல்லாம் தெரியாது மேடம். சோறு வீணாப் போவுதேன்னு நான் யாரையும் மொறைக்கல. பாப்பாக்குப் பால் குடுக்கறேன், பசி. நீங்க கொட்றத வாங்கித் துன்னலாமான்னு பாத்துக்கினு நின்னேன். அவ்ளோதான். நாளையிலேர்ந்து பதினோரு மணிக்குச் சாப்ட்டுட்டுதான் நிப்பேன். இந்த ஸ்வீட்டு எனக்கு ஆவாது."

டப்பாவை ஜாஸ்மினிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். சசிரேகா, "ரொம்ப இயல்பாப் பேசினீங்க" என்றார். போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு யாரையும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கரண்டி சோறு, மூன்று கரண்டி கூட்டு. ஜாஸ்மின் கேட்காமலே இரண்டு முட்டை வைத்தாள். ரகுபதி எதிரில் வந்து நின்று, "அவார்டு பலகையை இன்னும் மாட்டக்கூட இல்லையே கலை" என்றார். அவள் மென்றுகொண்டிருந்தாள். அன்று தொட்டியின் எடை ஏறியது. அவளே அதைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினாள். அடுத்த வாரம் முழுக்க ஏறியது. பாட்டிலிலும் பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அதற்கடுத்த வாரம் ரகுபதி ஆட்கள் சாப்பிடும் மேசைக்கு வந்தார். கம்பெனியிலிருந்து கேட்கிறார்கள் போலிருந்தது; கண்ணில் தூக்கமே இல்லை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆடி மாசம் வருது. உங்கள்ல வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவங்க யாரு யாரு? சும்மாத்தான் கேக்கறேன்."

மாரி பல வருஷமாக ஆடி வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிறவள். அது எல்லோருக்கும் தெரியும், ரகுபதிக்கும் தெரியும். மாரி தலையைக் குனிந்து இன்னொரு உருண்டை உருட்டினாள். ஜாஸ்மின் அப்பளத்தை நொறுக்கினாள். யாரும் கை தூக்கவில்லை. எல்லார் கையிலும் சோறு இருந்தது.

கலைமணி மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "சார், அந்தக் கூட்டு பாத்திரத்தை இப்டித் தள்ளுங்க" என்றாள்.